முப்பத்துநான்காவது உள்ளேன்

அந்த வகுப்பில் ஒரு சிறுமி தினமும் காலையில் இரண்டு முறை "உள்ளேன் டீச்சர்" சொல்வாள். முதல் முறை தன் சொந்தக் குரலில், நல்ல சத்தமாக. நான்கு பெயர் தள்ளி அவள் தங்கையின் பெயரை நான் கூப்பிடும்போது, தலையைக் கொஞ்சம் குனிந்து, குரலை மெலிதாக்கிக்கொண்டு இன்னொரு முறை. தங்கை என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, சித்தி மகள். இருவருக்கும் ஆறு மாதம்தான் வித்தியாசம், இருவரும் இரண்டாம் வகுப்பு. அந்தத் தங்கை பள்ளிக்கூடத்துக்குள் வாயே திறக்க மாட்டாள். வீட்டில் அவள் பேசுகிற பேச்சுக்கு அளவே கிடையாது என்று அவள் அம்மா சொல்வார். எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் ஒரு வார்த்தை வராது. சேர்ந்த புதிதில் மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். ஒரு நாள் அக்காக்காரி தானாகவே அவளுக்கும் சேர்த்து உள்ளேன் சொன்னாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன், பதிவேட்டில் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். அப்படியே அது வழக்கமாகிப்போனது. அந்த இரண்டாவது, மெலிந்த குரல் இப்போதும் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று எனக்குக் கேட்கிறது.

செஞ்சியிலிருந்து தொண்டூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் வரும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி அது. ஊர்ப் பெயர் வேண்டாம். இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், முப்பத்து நான்கு பிள்ளைகள். தலைமையாசிரியரை ஊரே பெரிய டீச்சர் என்று கூப்பிட்டது, என்னைச் சின்ன டீச்சர் என்றது. வயதில் அவர் என்னைவிட மூன்று வருஷம் இளையவர், உயரத்தில் என் தோளுக்குத்தான் வருவார். "பார்க்கிறவங்க நம்மளை மாத்தி நெனைச்சுக்கப் போறாங்க டீச்சர்" என்று நான் கேலி செய்வேன். அவர் அதற்குச் சிரிக்கக்கூட மாட்டார், அந்த நேரத்தில் கூரையில் எந்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பெரிய டீச்சர் சரியான பயந்தாங்கொள்ளி. இதை மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வதுதான். மின்விசிறி மாட்டியிருக்கும் கொக்கியைப் பார்த்தால் பயம், சுவிட்ச் போர்டைப் பார்த்தால் பயம், மழை பெய்தால் சுவர் ஊறிவிடும் என்று பயம், வெயில் அடித்தால் பாறை இடுக்கிலிருந்து பாம்பு வரும் என்று பயம். எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எதுனா ஆயிடுச்சின்னா இன்னா பண்றது டீச்சர்?" ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தக் கேள்வி வருகிறது என்று எண்ணுவது எனக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது. "ஒண்ணும் ஆவாது டீச்சர், வாங்க டீ குடிக்கலாம்" என்பேன். எனக்கு அப்போது பதினாறு வருஷ சர்வீஸ். இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் என் தைரியத்துக்கு ஆதாரம். வேறு ஆதாரம் எதுவும் என்னிடம் இருந்ததில்லை.

அந்த வருஷம் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பள்ளியும் பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும், வெளியேறும் வழியைக் காட்டி வரைபடம் ஒட்ட வேண்டும், பிள்ளைகளை வெளியேற்றி ஒத்திகை நடத்திப் போட்டோ அனுப்ப வேண்டும். நாங்கள் எல்லோரும் இதையெல்லாம் எப்படிச் செய்வோம் என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து நாலு போட்டோ எடுத்தால் தீர்ந்தது வேலை. பெரிய டீச்சர் அந்தத் தாளை நான்கு முறை படித்தார். பிறகு ஒரு சார்ட் அட்டையை விரித்து, முட்டி போட்டு உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துப் பள்ளிக்கூடத்தை வரைந்தார். இரண்டு அறை, சத்துணவுக் கூடம், அதன் பின்சுவரோடு ஒட்டிய கழிப்பறை, கேட், கேட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரம். மரத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டார். எது நடந்தாலும் எல்லோரும் வந்து நிற்க வேண்டிய இடம் அதுதான்.

முதல் ஒத்திகை கேலிக்கூத்தாகிப் போனது. ஆபத்து என்றால் நீளமாக மணி அடிப்பது என்று தீர்மானித்திருந்தோம். எங்கள் பிள்ளைகளுக்கு நீள மணி என்றால் ஒரே அர்த்தம்தான், வீட்டுக்கு விட்டாச்சு. அடித்ததுதான் தாமதம், பையைத் தூக்கிக்கொண்டு ஹோவென்று கத்தியபடி ஊருக்குள் ஓடிவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து அம்மாக்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது முறை விசில் ஊதினோம். இந்த முறை எல்லோரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவரவர் செருப்பைத் தேடிக் குனிந்திருந்தார்கள், பின்னால் வந்தவர்கள் அவர்கள் முதுகில் மோதிக்கொண்டிருந்தார்கள். பெரிய டீச்சரின் முகம் வெளிறிவிட்டது. "டீச்சர், நெஜமா எதுனா ஆயிருந்தா இந்த வாசல்லயே..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். மறுநாள் முதல் செருப்பெல்லாம் கேட்டுக்குப் பக்கத்தில்தான் விட வேண்டும். ஆறேழு ஒத்திகைக்குப் பிறகு, விசில் ஊதினால் முப்பத்து நான்கு பேரும் வெறுங்காலோடு மரத்தடியில் வந்து வரிசையாக நிற்கப் பழகிவிட்டார்கள். கடைசியாக வெளியே வருவது பெரிய டீச்சரின் வேலை. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போய், மரத்தடியில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பென்சிலால் புள்ளி வைப்பது என் வேலை. ஒத்திகையிலும் அக்காக்காரி இரண்டு முறை உள்ளேன் சொன்னாள். தங்கை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இதில் ஒரு தவறு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அது ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை இருக்கும். நான் கழித்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். சத்துணவுக் கூடத்திலிருந்து சமையல் அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "டீச்சர், ட்யூபுல புடிச்சிக்குச்சி, சிலிண்டர் கிட்ட எரியுது டீச்சர்" என்றார். அந்த வாக்கியம் முடிவதற்குள் பெரிய டீச்சரின் விசில் கேட்டது. ஒத்திகையில் ஊதுகிற மாதிரியே மூன்று முறை, அதே நீளத்தில். பிள்ளைகள் எழுந்து வெளியே போனார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. ஒத்திகை என்றே நினைத்திருப்பார்கள். சத்துணவுக் கூடத்து வாசலில் கரும்புகை வந்துகொண்டிருந்தது, உள்ளே உஸ்ஸென்று ஒரு சத்தம் விடாமல் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

மரத்தடியில் பதிவேட்டைத் திறந்தேன். பென்சில் இரண்டு முறை கீழே விழுந்தது. பெயர்களைக் கூப்பிட்டேன். உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர். முப்பத்து நான்கு உள்ளேன், முப்பத்து நான்கு புள்ளி. நான் தலையைத் தூக்கவே இல்லை. தூக்கினால் அந்தப் புகை தெரியும் என்று பயந்து, பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டு முடித்தேன். பெரிய டீச்சர் செஞ்சி தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பேசியபடியே கேட்டைத் தாண்டி வந்தார். இரண்டு அறையிலும் யாரும் இல்லை, கழிப்பறைப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை என்றார். "எல்லாரும் இருக்காங்க டீச்சர், முப்பத்து நாலு" என்றேன். சொல்லும்போது மூச்சு வந்தது.

அவரைத் தவிர வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. பயந்தவர் எதையும் ஒரு முறை கேட்டு நம்ப மாட்டார். வரிசைக்கு முன்னால் நடந்துகொண்டே ஒவ்வொரு தலையாகக் கையால் தொட்டு எண்ணினார். திரும்ப வந்து மறுபடியும் எண்ணினார்.

"ஒண்ணு கொறையுது டீச்சர்."

"எல்லாரும் உள்ளேன் சொன்னாங்களே. நானே புள்ளி வெச்சேன்."

அவர் வரிசையோடு திரும்ப நடந்தார். இரண்டாம் வகுப்பு வரிசையில் அக்காக்காரிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. "எங்கடா கண்ணு உன் தங்கச்சி?" என்று கேட்டார். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தைக் கை காட்டினாள்.

"உள்ள இருக்குது டீச்சர். பாத்ரூம் போச்சு."

வாய் பேசாத பிள்ளை என்னிடம் அனுமதி எப்படிக் கேட்கும்? எழுந்து போகும், திரும்பி வரும், நானும் கண்டுகொள்ள மாட்டேன். அன்றைக்கும் அப்படித்தான் போயிருக்கிறாள். உள்தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகி, திறக்க வராமல் போயிருக்கிறது. விசில் அவளுக்கும் கேட்டிருக்கும். பெரிய டீச்சர் வந்து கூப்பிட்டதும் கேட்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் குரல் கொடுத்தே பழகாதவள் அங்கே மட்டும் எப்படிக் கொடுப்பாள்? ஒரு செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் எரிகிற சிலிண்டர்.

அவள் என் வகுப்புப் பிள்ளை. ஓடியிருக்க வேண்டியது நான். மற்ற முப்பத்து மூன்று பேரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், திட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால் என் கால் எழும்பவில்லை. பெரிய டீச்சர் ஓடினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, புகை வருகிற வாசலைத் தாண்டி, கூடத்துக்குப் பின்னால் போய் மறைந்தார். பயத்தில் அவர் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டே ஓடியது எனக்குக் கேட்டது. குழந்தை அழுவது போல இருந்தது. ஆனால் நிற்கவில்லை.

நடந்ததை அவர் பின்னால் சொல்லித்தான் தெரியும். கதவைத் தட்டியிருக்கிறார், பதிலே இல்லை. மண்ணில் குனிந்து கதவுக்கு அடியில் பார்த்தால் இரண்டு சின்னப் பாதம். "பேச வேணாம்டா கண்ணு, கையால மட்டும் தட்டு" என்று சொல்லியிருக்கிறார். டொக்கென்று ஒரு தட்டு. அது பிளாஸ்டிக் கதவு என்பதால் கீழ்ப்பாதியைக் காலால் உதைத்து உதைத்து உடைத்து, அந்த ஓட்டை வழியாகப் பிள்ளையைக் கையைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறார். இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் கேட்டைத் தாண்டி வரும்போது இரண்டு பேர் கையிலும் ரத்தம். அதற்குள் பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் சாக்கை நனைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்து, தீயின் மேல் போட்டு அமுக்கி, சிலிண்டரை மூடிவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது அணைக்க ஒன்றும் மிச்சமில்லை. கூடத்துச் சுவர் கறுத்திருந்தது, சாம்பார் பாதி வெந்து கிடந்தது. அவ்வளவுதான். உடைந்த கதவு கையைக் கிழித்ததைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் நான் ஒன்று செய்தேன். ஊர்ச் சனம் மொத்தமும் மரத்தடியில் கூடி நிற்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறார். "பிள்ளைங்களை எண்ணிப் பாக்கலையா?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டது யார் என்றுகூடத் தெரியாது. நான் அக்காக்காரியின் தோளைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் இழுத்து, "ஏன்டி, அவ இல்லாதப்ப எதுக்குடி உள்ளேன்னு சொன்ன?" என்று உரக்கக் கேட்டேன். அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். "பேரு வந்துச்சு. சொன்னேன்" என்றாள். அவள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பளாரென்று ஓர் அறை விட்டார். பெரிய டீச்சர்தான் நடுவில் புகுந்து அந்தப் பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என்னை ஒரு முறை பார்த்தார்.

அதற்குப் பிறகு என் பயம் வேறு பயமாக மாறியது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் அந்தப் பிள்ளையை நினைத்து நடுங்கினேன். மத்தியானத்துக்கு மேல் என் வேலையை நினைத்து நடுங்க ஆரம்பித்தேன். சஸ்பெண்ட் செய்வார்களா, பேப்பரில் போடுவார்களா, எத்தனை வருஷமாக இன்னொருத்தியின் குரலுக்கு அட்டெண்டன்ஸ் போட்டேன் என்று கேட்பார்களா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் என் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று ஓர் ஏழு வயதுப் பிள்ளையைக் கண்டு பயந்தேன்.

திங்கட்கிழமை மாலை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். மரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தோம். பேசாத பிள்ளையின் நைனா சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசாதவர், அன்றைக்கும் அதிரவில்லை. எழுந்து நின்று கேட்டார்: "டீச்சர், எம்பொண்ணு உள்ள மாட்டிக்கினு இருக்குது. நோட்டுல வந்துட்டான்னு எழுதி இருக்குதாமே. சின்னப் புள்ள சொல்லிச்சு, சரி, அதுக்கு இன்னா தெரியும். கேட்டு எழுதுன பெரியவங்க யாரு?"

பதில் என் வாய் வரைக்கும் வந்தது. நான்தான். ஒரே ஒரு சொல். அக்காக்காரி தன் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, கண்ணெடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வீக்கம் வடிந்திருந்தது. நான் ஜமுக்காளத்தின் கோடுகளைப் பார்த்தேன். பக்கத்தில் புடவை சரசரக்கும் சத்தம் கேட்டது. பெரிய டீச்சர் எழுந்து நின்றார்.

"நான்தாங்க எடுத்தேன்" என்றார். "மூஞ்ச பாக்காம கொரல மட்டும் கேட்டு எழுதிட்டேன். பொண்ணு மேல தப்பு இல்ல. எல்லாம் என் தப்பு. இனிமே அப்படி நடக்காது."

கூட்டத்தில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும் அது பொய் என்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் கலைந்து, பஸ்ஸுக்கு நடக்கும்போது கேட்டேன், ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க என்று. அவர் கையில் கட்டுப் போட்டிருந்தது, அதைத் தடவிக்கொண்டே நடந்தார். "நீங்க எழுந்துப்பீங்கன்னு கொஞ்ச நேரம் பாத்தேன் டீச்சர். அந்தப் பொண்ணும் பாத்துக்கினே இருந்துச்சு. யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆவணும்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

அடுத்த கலந்தாய்வில் மாறுதல் வாங்கிக்கொண்டு அவர் வேறு ஒன்றியத்துக்குப் போனார். இன்று நானும் வேறொரு பள்ளியில் தலைமையாசிரியர். பெயரைக் கூப்பிட்டால் பிள்ளை எழுந்து நிற்க வேண்டும், முகத்தைப் பார்க்காமல் நான் குறிப்பதில்லை. கழிப்பறைக் கதவுகளில் உள்தாழ்ப்பாள் வைக்கவில்லை, கயிறுதான். சுவிட்ச் போர்டைப் பார்த்தால் பயப்படுகிறேன், கொக்கியைப் பார்த்தால் பயப்படுகிறேன், கூட வேலை செய்கிற டீச்சர் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறாள் என்பதும் தெரியும். இதையெல்லாம் செய்வதால் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளலாம். அப்படி நினைக்க விடாமல் ஒரு தாள் குறுக்கே வருகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் முடிந்து ஒரு வாரத்தில் அலுவலகத்திலிருந்து பெரிய டீச்சருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வலது கையில் தையல் போட்டிருந்ததால் அவரால் எழுத முடியவில்லை. "உங்க எழுத்து நல்லாருக்கும், நீங்களே எழுதுங்க டீச்சர்" என்று வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தேதி, இடம், தீப்பிடித்த விவரம், பிள்ளைகளை வெளியேற்றிய விவரம். பிறகு அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரியைச் சொன்னார். "அன்று பதிவேட்டை வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், மாணவி இருப்பதாகக் குறித்தது நானே." நானே என்பதை எழுதி முடித்துவிட்டுப் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தேன். என் கையெழுத்தில், என் பேனாவில், முழுக்க முழுக்க உண்மையாக அந்த வரி இருந்தது. பெரிய டீச்சர் காத்திருந்தார். பிறகு இடது கையை நீட்டிப் பேனாவை வாங்கி, அடியில் கோணல்மாணலாகத் தன் கையெழுத்தைப் போட்டார்.